லெஃப்ட் டர்ன் என்றால் வலது பக்கம்

எங்கள் பி.டி. சாருக்கு இடது வலது தெரியாது. "லெஃப்ட் டர்ன்!" என்று கணீரென்று சொல்லிவிட்டு வலது பக்கம் திரும்பிக் காட்டுவார். முதல் நாள் பாதி வகுப்பு அவர் சொன்னபடி திரும்பியது, மீதி வகுப்பு அவர் செய்தபடி திரும்பியது. நானும் பக்கத்தில் நின்ற என் தோழியும் நெற்றியோடு நெற்றி முட்டிக்கொண்டோம். சார் பதறிப்போய் ஓடிவந்தார்.

"அடி பலமாங்க கண்ணு? நாஞ் சொல்றத உடுங்க, செய்யறதப் பாத்துச் செய்யுங்க, போதும்."

அன்றிலிருந்து எங்கள் ஏழாம் வகுப்புக்கு லெஃப்ட் என்றால் வலது, ரைட் என்றால் இடது.

காரணம் ஒரு மத்தியானம் தெரிந்தது. வேப்பமரத்தடியில் தூக்குப்போசியைத் திறந்து வைத்து, இடது கையால் தயிர்சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் தோழிக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏனுங்க சார், பீச்சாங்கையில திங்கறீங்க?"

சார் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது சோத்தாங்கை கண்ணு. சோறு திங்கற கைதான சோத்தாங்கை?"

அதுவும் சரிதான். சோறு வாய்க்குப் போய்க்கொண்டுதான் இருந்தது.

அவரைத் திருத்த எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை. அவர் எங்களை அடித்ததே இல்லை. அதைவிட முக்கியம், கணக்கு சாரிடமிருந்து எங்களைக் காப்பாற்றிய ஒரே ஆள் அவர்தான். கணக்கு சார் தெற்கத்திக்காரர். காதைத் திருகுவதில் மட்டும் கடிகாரச் சுற்று, எதிர்ச் சுற்று இரண்டிலும் தேர்ந்தவர். விளையாட்டு பீரியட் வந்தால் போதும், "போர்ஷன் முடியல, பிள்ளைகளைக் குடும்" என்று மைதானத்துக்கே வந்து நிற்பார்.

"இன்னைக்கு எடை பாக்கறமுங்க சார்" என்பார் பி.டி. சார்.

"போன வாரமும் எடைதானவே பாத்தீரு?"

"வளர்ற புள்ளைங்க பாருங்க, ஏறிக்கிட்டே இருக்குது."

பள்ளிக்கூடத்தில் எடை பார்க்கும் மிஷினே கிடையாது.

அந்த வருடம் விளையாட்டு விழாவுக்கு ஒரு பனியன் கம்பெனி முதலாளி சிறப்பு விருந்தினர். அணிவகுப்புக்காக எங்கள் எல்லோருக்கும் டி-ஷர்ட் கொடுத்தனுப்பியிருந்தார். வெளிநாட்டுக்குப் போக வேண்டிய ஆர்டர், ஏதோ காரணத்தால் நின்றுபோனது. எல்லாம் பெரிய ஆட்களின் அளவு. எனக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கியது. மொத்த வகுப்பும் நைட்டி போட்டுக்கொண்டு வந்ததுபோல இருந்தது.

விழா அன்று காலையில் பி.டி. சாருக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஒத்திகையில் கத்திக் கத்தி, குரல் காற்றாக மட்டும் வந்தது. எச்.எம். டீச்சர் சுற்றுமுற்றும் பார்த்து, கணக்கு சார் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார். தோழி என் காதில், "இவரு சரியாச் சொல்லிப்புடுவாரேடி" என்றாள். அதற்குள் மேளம் அடித்துவிட்டார்கள்.

நடந்தோம். வலது பக்கம் ஷாமியானா, அதற்குள் விருந்தினர், அவருக்குப் பக்கத்து மேசையில் போண்டா. இடது பக்கம் நாங்கள் போய் நிற்க வேண்டிய மைதானம்.

"லெஃப்ட் டர்ன்!" என்றார் கணக்கு சார்.

ஒரு கால்கூடப் பிசகாமல், ஒரே ஆளைப்போல, வகுப்பு முழுவதும் வலது பக்கம் திரும்பி ஷாமியானாவை நோக்கி நடந்தது.

"ஏல, லெஃப்டு! லெஃப்டு!"

கால் எடுத்து வைக்கத்தான் தாளம் சொல்கிறார் என்று நினைத்து இன்னும் ஓங்கி மிதித்தோம். பி.டி. சார் ஓரமாக நின்று, முகமெல்லாம் பெருமையாக, தலையை ஆட்டி ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தார். முன்வரிசைக்காரன் ஷாமியானாக் கயிறு தடுக்கி விழுந்தான். மேசை சாய்ந்தது. போண்டாக்கள் மட்டும் சரியாக இடது பக்கம் உருண்டன.

விருந்தினர் எழுந்து நின்று விறைப்பாக சல்யூட் அடித்தார். எல்லாம் நிகழ்ச்சியில் உள்ளதுதான் என்று நினைத்துவிட்டார்.

"எத்தனையோ விழாவுக்குப் போயிருக்கறேனுங்க. யாரும் இத்தன கிட்ட வந்து மரியாதை பண்ணுனதில்லீங்க" என்று மைக்கில் உருகினார். எச்.எம். டீச்சர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு கைதட்டினார். அணிவகுப்புப் பரிசும் எங்களுக்கே வந்தது.

மறுநாள் கணக்கு சார் எங்களை வெயிலில் நிறுத்தினார். "ஏழாங்கிளாஸ் வந்தும் இடதுகை எதுன்னு தெரியலியால ஒங்களுக்கு?" அவரே பயிற்சி கொடுத்தார். லெஃப்ட் என்றதும் ஒழுங்காக இடது பக்கம் திரும்பினோம். உடனே வேப்பமரத்தடியிலிருந்து விசில் பறந்தது. தப்பாம். பி.டி. சார், இன்னும் குரல் வராமல், வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். வலது பக்கம் திரும்பினோம். இந்தப் பக்கம் கணக்கு சார் குதித்தார். எனக்குச் சிரிப்பு பீறிட்டது, என் காதுக்குக் கடிகாரச் சுற்றுக் கிடைத்தது.

இதையெல்லாம் எச்.எம். டீச்சர் ஆபீஸ் ரூம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் தாங்க முடியாமல் இறங்கி வந்தார்.

"ரெண்டு பேருமே உட்ருங்க சார். அடுத்த வருசம் இந்தக் கிளாசு எங்கயும் திரும்ப வேண்டாம். கொடியப் புடிச்சுட்டு நேராப் போகட்டும், காம்பவுண்டு செவுரு வந்தா நிக்கட்டும்."

எட்டாம் வகுப்பில் அப்படியே போய், சுவரைப் பார்த்தபடி, விழா முடியும்வரை நின்றோம்.