குண்டு துளைக்காத அங்கியோடு கற்பிட்டிக்கு

கற்பிட்டிக்குப் போகிறவர்கள் டொல்பின் பார்க்கப் போவார்கள். நான் போன மாதம் போனது, குண்டு துளைக்காத அங்கியைச் சரியாக அணியக் கற்றுக்கொள்ள. போர் நடக்கும் ஒரு நாட்டுக்கு, ஐம்பத்திரண்டு வயதில், மொழிபெயர்ப்பாளனாகப் போகவிருந்தேன். அப்போது பயணத்துக்குப் பத்து நாள் இருந்தது. வேலை தந்த நிறுவனம் அங்கியையும் இரண்டு தகடுகளையும் பொதியாக அனுப்பியிருந்தது. சொல்லித்தர ஆள் அனுப்பவில்லை. (படித்தவன்தானே, வாசித்துப் புரிந்துகொள்வான் என்று நினைத்திருப்பார்கள்.)

இதை அணிந்த ஒரே ஒருவரைத்தான் எனக்குத் தெரியும்: நிசாம். இங்கே போர் நடந்த காலத்தில் நாங்கள் ஒரே பத்திரிகையில் வேலை செய்தோம். நான் நிருபர், அவர் படப்பிடிப்பாளர். வவுனியாவுக்கு அப்பால் எங்களை அனுப்பியபோது அலுவலகம் தந்தது ஒரேயொரு அங்கி. நிசாம் ஒரு வார்த்தை கேட்காமல் அதை மாட்டிக்கொண்டார். மூன்று நாளும் வெறும் சேட்டோடு அவருக்குப் பின்னால் நடந்தேன். அதற்குப் பிறகு அவரோடு நான் பேசியதில்லை. கலியாணத்துக்கு அழைத்தார், போகவில்லை. இப்போது அவர் கற்பிட்டியில் வெங்காயம் செய்கிறார்; வருவதாகப் பழைய பத்திரிகைக்காரர் ஒருவர் மூலம் சொல்லியனுப்பினேன்.

கொழும்பிலிருந்து காலை 5.30க்குப் பஸ். பாலாவிச் சந்தியில் இடப்பக்கம் திரும்பினால் இன்னும் நாற்பது கிலோமீற்றர். உப்பளம், காற்றாலை, வெங்காயப் பாத்தி. கற்பிட்டியில் இறங்கும்போது 10.40. அங்கிருந்து நிசாம் வீட்டுக்கு இரண்டரைக் கிலோமீற்றர், முச்சக்கரவண்டிக்கு 350 ரூபா.

சாரதி என் பையைத் தூக்கிப் பார்த்தார். "என்ன சேர், உள்ளுக்கு கல்லா ஈக்கி?"

"தகடு. மெதுவா வையும், விழுந்தா வெடிக்கும்."

"கூரைக்கா?"

"நெஞ்சுக்கு."

பிறகு அவர் வழி முழுவதும் ஒவ்வொரு குழியையும் சுற்றிச் சுற்றியே ஓட்டினார்.

நிசாம் முற்றத்தில் வெங்காயம் தரம்பிரித்துக்கொண்டிருந்தார். "வாங்க அண்ணன். ஆளுக்கு முந்தி வயிறு வருது" என்றார். இத்தனை வருடத்துக்குப் பிறகு முதல் வார்த்தை அது.

வீட்டில் பழகியதுபோல அங்கியை மாட்டிக் காட்டினேன். அவர் சிரித்தார்.

"வயித்த மூட இது சாரனா? நெஞ்சத்தான் மூடோணும். தகட்டயும் மறுபக்கமா போட்டீக்கிறீங்க."

கழற்றித் திருப்பினார். வளைவின் உட்பக்கம் உடலோடு பொருந்த வேண்டும். முன்தகட்டின் மேல்விளிம்பு, கழுத்தெலும்புகள் சந்திக்கும் குழிக்கு நேராக. பின்தகடு அதே உயரத்தில். தோள்பட்டியை அதற்கேற்ப ஏற்றிவிட்டு, பக்கப்பட்டிகளை இறுக்கினார். உள்ளங்கை தட்டையாக நுழையும் அளவு. "மூச்ச இழுங்க. குந்துங்க. கையத் தூக்குங்க." ஏழரைக் கிலோ. குந்திவிட்டு எழ முழங்கால் மறுத்தது.

பட்டியில் அவர் கை இருக்கும்போதே கேட்டேன். "அண்டைக்கு நீர் மட்டும் இதைப் போட்டீரே, நிசாம். வெக்கமா இருக்கேல்லையா?"

அவர் பட்டியை விடவில்லை. "அதுக்குள்ள தகடு இல்ல அண்ணன். லொட்ஜுல திறந்து பாத்தேன். யாரோ கழட்டிட்டு, காட்போட் மட்டை வெட்டி வெச்சிருந்தானுவள்."

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்க திரும்பிப் போயிருப்பீங்க. தனியாப் போக எனக்குப் பயம்."

ஓம், திரும்பித்தான் போயிருப்பேன். அதனால்தான் என் கோபம் இன்னும் கூடியது. இத்தனை வருடம் நான் சுமந்தது வெறும் மட்டைக்கான கோபம்; அதற்குப் பதிலாக, என்னைத் திரும்பவிடாமல் மறைத்தார் என்ற உண்மையான காரணம் ஒன்றை இப்போது கையில் தந்துவிட்டார். ஆனால் அந்த மட்டையோடு மூன்று நாளும் எனக்கு முன்னால் நடந்ததும் அவர்தான். இரண்டையும் வைத்துக் கணக்குத் தீர்க்க இன்னும் என்னால் முடியவில்லை.

மீன்கறியோடு சோறு தந்தார். சாப்பிட்டேன். 2.30 பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, "போய்ச் சேந்தா ஒரு மெசேஜ் போடுங்க" என்றார். "பாப்பம்" என்றேன்.

இப்படி அங்கியோடு பயணிப்பவர்களுக்கு: நிறுவனத்தின் கடிதத்தைப் பையின் மேலேயே வையுங்கள், வழியில் யாராவது கேட்பார்கள். தகடு கீழே விழுந்தால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழலாம், பிறகு அந்தத் தகட்டை நம்பாதீர்கள். யார் தந்த அங்கியானாலும் உறையைத் திறந்து, உள்ளே கைவிட்டுத் தொட்டுப் பாருங்கள். உங்களுடையதை மட்டுமல்ல, கூட வருகிறவருடையதையும்.