கடுகளவு கண்ணாடி

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாமலே ஆறு லாரிக்கு முதலாளி ஆனவன் நான். என் முதல் லாரியைக் கையகல மாடலாகச் செய்து வாங்க, திருவெறும்பூரில் ரிடையரான ஒரு ஃபேக்டரிக்காரர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒல்லியான ஆள், நெற்றியில் கட்டிய பூதக்கண்ணாடி. சித்திரை வெயிலிலும் ஃபேன் போடமாட்டார். மடியில் விரித்த வெள்ளைத் துண்டின் மறுமுனையை மேஜை விளிம்போடு சேர்த்துக் குத்தியிருப்பார். கை தவறும் சாமான் அதில்தான் விழும்.

அன்று லாரியின் பக்கக் கண்ணாடி, கடுகளவுதான் இருக்கும், துண்டையும் தாண்டித் தெறித்துவிட்டது. தேடலாமென்று எழுந்தேன்.

"அசையாதீங்க!"

என்னை அதட்டி உட்கார வைக்க இந்த ஊரில் ஆள் பிறக்கவில்லை. ஆனாலும் உட்கார்ந்தேன். டார்ச்சைத் தரையோடு படுக்கவைத்து அடித்தார். என் கால் கட்டைவிரல் பக்கத்தில் மினுங்கியது.

"இன்னொண்ணு செஞ்சுக்கலாமே, இதுக்கா இந்தப் பாடு?"

"விழுந்தது விழுந்த இடத்துலதாங்க இருக்கும். தேடுறேன்னு ஓடி நாமதான் எட்டித் தள்ளிடுறோம்." கண்ணாடியை இடுக்கியில் எடுத்தார். "ஸ்ரீரங்கத்துல ஏகாதசிக் கூட்டம். பொண்ணு கை நழுவிடுச்சு. நான் நின்ன இடத்துல நிக்கலை, ஓடிட்டேன்."

"அப்புறம் கிடைச்சாளா?"

"மூச்சு விடாதீங்க, பசை காயணும்."

லாரி என் ஷோகேஸில் நிற்கிறது. ஏகாதசிக்குப் போனால் நான் கூட்டத்தில் ஓரிடத்தில் அசையாமல் நின்றுவிடுகிறேன், ஏதோ ஒரு பிள்ளை என் கையைத் தேடி வருவதுபோல.