பெரியநாயகி சொன்ன காரணங்கள்

டிவி சீரியலில் வருகிற ஒவ்வொருவர் மனசும் பெரியநாயகிக்கு அத்துப்படி. விருத்தாசலம் ஜங்ஷனுக்குப் பின்னால் இருக்கிற செராமிக் யூனிட்டில் நாங்கள் எட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பொம்மை சுரண்டுகிறோம். அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மையில், அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு மேடு நிற்கும். அதைச் சின்னக் கத்தியால் சுரண்டி, ஸ்பாஞ்சால் துடைத்துச் சூளைக்கு அனுப்ப வேண்டும். இதற்குக் கை போதும், தலை வேண்டாம். நாள் முழுக்கச் சும்மா கிடக்கிற அந்தத் தலைகளுக்குத் தீனி போடுவது பெரியநாயகியின் பொறுப்பு.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. முந்தின நாள் சீரியலை ஒருத்திதான் சொல்லலாம், பார்த்தவர்கள் குறுக்கே பேசக் கூடாது. முதலில் நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். வந்தாங்க, சண்டை போட்டாங்க, போனாங்க என்று நாலே வரியில் முடித்துவிடுகிறேனாம். என்னிடமிருந்து பிடுங்கிப் பெரியநாயகியிடம் கொடுத்துவிட்டார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

ஆனால் நியாயத்தைச் சொல்ல வேண்டும். என்ன நடந்தது என்பதை நான் சொன்னேன். ஏன் நடந்தது என்பதை அவள் சொன்னாள். மருமகள் நகையை ஒளித்துவைத்த மாமியாரை நாங்கள் எல்லோரும் திட்டித் தீர்த்தபோது, அந்தம்மாள் கெட்டவள் இல்லை, இருபது வருஷமாக அந்த வீட்டில் யாரும் அவளைப் பார்த்துச் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை, அதுதான் என்றாள் பெரியநாயகி. அன்று சாயங்காலம் நான் என் மாமியாரிடம் போய், சாப்பிட்டீங்களா என்று கேட்டேன். எதற்கு அடி போடுகிறேன் என்று அவர் இரண்டு நாள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

இந்த வைகாசியில் பெரியநாயகி ரொம்பவும் ஓய்ந்துபோனாள். முகூர்த்த மாதம். யூனிட் விட்டதும் கல்யாண மண்டபத்துக்குப் பாத்திரம் கழுவப் போய்விடுவாள். புருஷன் செத்து நாலு வருஷம், ஒண்டிக்கட்டை. வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டால் பெயர் ஓடி முடிவதற்குள் தூங்கிவிடுவாள். அவள் இதை யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் தெரிந்துபோனது. ஏனென்றால் நான் சீரியலைப் பார்த்தேன், அவள் மறுநாள் சொன்னது அதில் இல்லை.

அந்தச் சீரியலில் பெண்டாட்டியை அடிக்கிற ஒருவன் இருந்தான். டிவியில் அவன் ஒருநாள் காலில் விழுந்து அழுதான், மறுவாரம் மறுபடியும் அடித்தான். பெரியநாயகி சொன்ன கதை வேறு. அவனுடைய அம்மா சின்ன வயசிலேயே அவனை விட்டுப் போய்விட்டாள், பெண்டாட்டியும் போய்விடுவாளோ என்ற பயத்தில்தான் கை நீட்டுகிறான், அந்தப் பயத்தை அவள் புரிந்துகொண்டதும் திருந்திவிட்டான். இது டிவிக்காரன் கதையைவிட நன்றாக இருந்தது. சிவந்த கண்ணோடு அவள் அதைச் சொன்னபோது மறுத்துப் பேச எனக்கு மனசு வரவில்லை. குறுக்கே பேசக் கூடாது என்ற வழக்கமும் வசதியாகப் போயிற்று.

எங்கள் வரிசையில் கடைசியில் உட்காருகிறவள் தமிழினி. கருவேப்பிலங்குறிச்சிப் பெண், கம்மாபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள். போன ஐப்பசியில் புருஷன் முறுக்கியதில் இடது மணிக்கட்டு உடைந்து அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டதால் பொம்மையைக் கையில் பிடிக்க முடியாது, மடியில் படுக்கவைத்துத்தான் சுரண்டுவாள். அதைப் பற்றி நாங்கள் யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. சீரியல்காரனைப் பற்றி மட்டும் விடாமல் கேட்பாள். அவன் நிஜமாகவே திருந்திவிடுவானா என்று ஒருநாள் கேட்டபோது, யாரைப் பற்றிக் கேட்கிறாள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். பெரியநாயகி அரைத் தூக்கத்தில், திருந்திவிடுவான் என்று சொல்லிவிட்டு அடுத்த பொம்மையை எடுத்தாள்.

போன சனிக்கிழமை தமிழினி ஒரு துணிப்பையோடு வேலைக்கு வந்தாள். டீ நேரத்தில்தான் விஷயத்தைச் சொன்னாள். புருஷனோடு கம்மாபுரம் போகிறாளாம். ஐந்தரை மணிக்கு வண்டியோடு கேட்டுக்கு வருகிறானாம்.

"எங்கூட்டுக்காருக்கும் சின்ன வயசுல அம்மா இல்லக்கா," என்றாள் பெரியநாயகியிடம். "நீங்க சொன்னப்பறந்தான் எனக்கு அவரு மனசு புரிஞ்சுது."

பெரியநாயகி டீயைக் கீழே வைத்தாள். அந்த நாடகத்தைப் பார்த்து மூன்று வாரமாகிறது, தூங்கிவிட்டு வாய்க்கு வந்ததைச் சொன்னேன் என்று எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டாள்.

தமிழினி சிரித்தாள். "தெரியும்க்கா. நான் போன்ல பாத்துக்கிட்டுதான் இருக்கறேன். அதுல அவன் திருந்தல. ஆனா நீங்க சொன்னதுதான் நெஜமாட்டம் இருந்துச்சு."

"நெஜமாத்தான் இருக்கும்," என்றாள் பெரியநாயகி. "அது எங்கூட்டு ஆளு கதை."

எங்களில் யாரும் அவள் புருஷனைப் பற்றி ஒரு குறையும் கேட்டதில்லை. ஸ்டேஷனில் மூட்டை தூக்கியவர், தங்கமான மனுஷன் என்றுதான் நினைத்திருந்தோம். அவள் குரலை உயர்த்தாமல், களைத்த குரலிலேயே சொன்னாள்.

"அம்மா இல்லாம வளந்தவரு. பயந்துக்கிட்டு அடிச்சவரு. இருவத்திரண்டு வருசம் அவரு ஏன் அடிக்கிறாருன்னு யோசிச்சேன். காரணம் கெடச்சுது. அடி நிக்கல. திருந்துனது மட்டுந்தான் நானா கட்டுனது."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஊரில் இல்லாத பெண்களின் மனசையெல்லாம் இவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம், இவள் மனசை ஒருநாளும் கேட்கவில்லை. பொய் என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு ஒரு பெண்ணை வண்டியேற்றப் பார்த்தவளும் நான்தான். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல், கையிலிருந்த பொம்மையைச் சுரண்டிச் சுரண்டி அதன் காதை மழுங்கடித்துவிட்டேன்.

ஐந்தரைக்குக் கேட்டில் ஹாரன் அடித்தது. தமிழினி பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பெரியநாயகி தடுக்கவில்லை. நாங்கள் கை கழுவிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தோம். அவன் வண்டியை விட்டு இறங்கி ஏதோ சொன்னான், கண்ணைத் துடைத்தான், அவளுடைய கோணல் கையைப் பிடித்தான். அவள் கையை விடுவித்துக்கொண்டு திரும்பி வந்து வாசலில் நின்றாள்.

"அழுவுறாருக்கா," என்றாள்.

"அவரும் அழுவாரு," என்றாள் பெரியநாயகி. "ஒவ்வொரு தடவ அடிச்சப்பறமும்."

தமிழினி அங்கேயே நின்றாள். பிறகு வாட்ச்மேனைக் கூப்பிட்டு, தான் வரவில்லை என்று புருஷனிடம் சொல்லச் சொன்னாள். உள்ளே வந்து பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெளியே ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. நாங்களும் அவளைச் சுற்றி உட்கார்ந்தோம். அவன் வண்டி கிளம்பிப் போகிறவரை ஒருத்தியும் எழவில்லை. நாங்கள் வீட்டுக்குப் போகிற ஆறரை பஸ்ஸும் போய்விட்டது.