தாய்மாமனுக்கு நீட்டிய தட்டு

கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் கையில் சிகரெட் வாடை அடிக்கும். முகம் சுளித்திருக்கிறேன். பிறகு அதுவே அவருடைய வாசனை என்று மூக்குக்குப் பழகிப்போனது. போன வருடம் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஆர்.எஸ்.புரத்து டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "இனி ஒண்ணு புடிச்சாலும் என்கிட்ட வராதீங்க" என்று சொல்லிவிட்டார்.

அன்றோடு நிறுத்தினார். நிறுத்தினார் என்று எழுதுவது சுலபம். கூட இருந்தவளுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். கிராம்பு மென்றார், கடலை மிட்டாயை டப்பா டப்பாவாகத் தின்றார், காபியில் சர்க்கரை குறைந்ததற்கெல்லாம் சண்டைக்கு வந்தார். நானும் வாயை மூடிக்கொண்டிருக்கிற ஆள் இல்லை, பதிலுக்குப் போட்டேன். ஆனால் அவர் ஒரு சிகரெட்கூடப் பிடிக்கவில்லை.

அப்போதுதான் அவர் தங்கை மகனுக்குக் கோபிசெட்டிபாளையத்தில் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளைக்கு இவர்தான் தாய்மாமன். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் முகம் கோணினால் கல்யாணமே கோணிப்போகும். பெண் வீட்டார் வெற்றிலை பாக்கோடு பிரித்த சிகரெட் பாக்கெட்டும் தீப்பெட்டியும் வைத்த தட்டை முதலில் அவரிடம்தான் நீட்டுவார்கள். இந்தப் பழக்கம் பல வீடுகளில் போய்விட்டது. போகாத வீடுகளும் இருக்கின்றன, இது அப்படி ஒரு வீடு. மாமன் அதில் ஒரு சிகரெட்டை எடுக்காவிட்டால், "மாமன் கோவிச்சுக்கிட்டாராம்" என்ற பேச்சு, பந்தியில் சாம்பார் வருவதற்கு முன்னால் வந்துவிடும்.

"நெஞ்சுவலி வந்த ஆளுன்னு சொல்லிப்போடுங்க" என்றேன், கிளம்பும்போது.

"நல்ல காரியத்துக்குப் போற எடத்துல ஆஸ்பத்திரிப் பேச்சு எடுக்கலாமா, அம்மணி?" என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல். எங்கள் ஆட்களுக்கு மறுத்துப் பழக்கமில்லை. இலையை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு "போதுமுங்க, போதுமுங்க" என்றால், அந்த மரியாதைக்காகவே இன்னும் இரண்டு கரண்டி போட்டுவிட்டுப் போவார்கள்.

மண்டப வாசலில் வாழை மரத்துக்குப் பக்கத்தில் நகராட்சி அறிவிப்புப் பலகை இருந்தது. வளாகத்துக்குள் புகை பிடிக்கக் கூடாது, மீறினால் அபராதம். அதற்குக் கீழேயே சாக்கடை அடைத்துக்கொண்டு நின்றது. இதை அள்ள ஆள் இல்லை, பலகை எழுத மட்டும் ஆள் இருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனேன்.

தாலி கட்டி முடிந்ததும் பெண்ணின் அப்பா தட்டோடு வந்தார். தங்கமான மனுசர், வியர்த்து வழிந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. "எடுத்துக்கோங்ணா. மொதத் தட்டு உங்களுக்குத்தானுங்க."

நான் பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய்ச் சபையில் தடுத்தால், அவருக்குப் பெண்டாட்டிக்குப் பயந்தவர் என்ற பட்டம். உட்கார்ந்திருந்தால், இத்தனை மாதப் பாடும் தண்ணீரில் போட்ட உப்பு. அவர் வெற்றிலையை எடுத்தார். பாக்கை எடுத்தார். பெண்ணின் அப்பா தட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார். என் வீட்டுக்காரர் கை சிகரெட் பாக்கெட்டுக்கு மேலே போய் நின்றது.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல மண்டப மேனேஜர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"ஏனுங்க, தப்பா நெனைக்காதீங்க. அது மட்டும் மண்டபத்துல வேண்டாமுங்க."

"செரி, அப்ப பின்னால சமையல்கட்டுப் பக்கம் போய்க்கிறோமுங்க" என்றார் பெண்ணின் அப்பா.

"காம்பவுண்டுக்குள்ளயே கூடாதுங்க. போன முகூர்த்தத்துல நகராட்சிக்காரங்க வந்து ஃபைன் போட்டுட்டுப் போயிட்டாங்க. என் பொழப்பப் பாருங்க, கையெடுத்துக் கும்பிடறேன்."

பெண்ணின் அப்பா பாவம், மாமன் மனசு நொந்துவிடுமோ என்று இவர் முகத்தையே பார்த்தார். இவரோ பெரிய மனசு பண்ணுகிறவர் மாதிரி, "அட, விடுங்க. சட்டம்னா சட்டந்தானுங்க" என்றார். சபை மொத்தமும் சிரித்தது. தாய்மாமன் எவ்வளவு அனுசரணையான ஆள் என்று எனக்குப் பின்னால் ஒரு பெண்மணி மெச்சிக்கொண்டார். சிகரெட்டும் தீப்பெட்டியும் மேனேஜரின் சட்டைப் பைக்குள் போயின.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கல்யாண வீடு என்பதால் யாரும் காரணம் கேட்கவில்லை. எங்கள் யாராலும் சொல்ல முடியாத ஒரு 'வேண்டாம்' அது. எந்த அலுவலகத்திலோ யாரோ உட்கார்ந்து தீர்மானம் போட்டு, அபராதத்தையும் ஒழுங்காக வாங்கி, அந்தச் சொல்லை எங்களுக்குப் பதிலாகச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் நன்றாக இருக்கட்டும். சாக்கடையை அள்ளவில்லை என்ற கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. அது வேறு கணக்கு.

கிளம்பும்போது மேனேஜரைத் தேடிப் போய்த் தாம்பூலப் பையைக் கொடுத்தேன். "எனக்கெதுக்குங்க?" என்றார். "வச்சுக்கோங்க" என்று கையில் திணித்துவிட்டு வந்தேன்.

திரும்பும்போது காரின் பின் சீட்டில் என் வீட்டுக்காரர் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். புளியம்பட்டி தாண்டியதும், டிரைவருக்குக் கேட்காமல், "கை நீண்டுதே, பாத்தியா?" என்றார்.

"பாத்தேன்."

"அந்த ஆளு வரலைன்னா எடுத்திருப்பேன்."

அவர் வலது கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, டிரைவர் பார்க்காதபோது, மூக்கருகே கொண்டுபோனேன். வெற்றிலை வாசனை இருந்தது, காலையில் பூசிய சந்தனம் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.