வெளிப்பக்கம் திறக்கும் கதவு

எங்கள் அப்பாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மகளின் வணக்கம். அப்பாவின் பொறுமையைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டீர்கள். அவர் பொறுமையிழந்த ஒரு மாலையைப் பற்றி நான் சொல்கிறேன்.

காரமடையில் பிறந்து, சிறு வயதிலேயே தாயை இழந்து, சுண்ணாம்பு அரைத்துத் தொழில் பழகி, போத்தனூரில் கட்டட மேஸ்திரியாக நிலைத்தவர் அப்பா. அங்கே வெள்ளைக்காரர் காலத்துச் சகோதர சங்கம் ஒன்று ரகசியச் சடங்குகளுக்காகக் கூடும் ‘லாட்ஜ்’ கட்டடத்தைப் பழுதுபார்க்கும் வேலை ஐம்பதுகளில் அவரிடம் வந்தது. வாசலில் இரண்டு பெரிய தூண்கள். உள்ளே கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரக் கற்கள் பதித்த தரை. வெளியிலிருந்து ஜன்னலாகத் தெரிபவை எல்லாம் வெறும் சுவர்தான். உள்ளே நடப்பது வெளியாருக்குத் தெரியக்கூடாதாம். போக வர ஒரே கதவு. உள்ளே தலையை வெட்டிப் பலி கொடுப்பார்கள் என்று பயந்து, ஊரார் அதைத் தலைவெட்டிக் கோயில் என்று சொல்லி ஒதுங்கி நடந்தார்கள்.

கூரையைத் தாங்கிய தேக்கு உத்தரத்தைக் கரையான் அரித்திருந்தது. அப்பா அதற்கு மரத்தால் முட்டுக் கொடுத்து, அது ஊன்றியிருந்த வெளிச்சுவரின் விரிசல்மேல் ஒரு சுண்ணாம்புப் பட்டை பூசிவைத்தார். பட்டை பிளந்தால் விரிசல் வளர்கிறது என்று பொருள். ஒரு மழை நாள் மாலை போய்ப் பார்த்தால், பட்டை பிளந்திருக்கிறது. முட்டு மரங்கள் முற்றத்தில் கிடக்கின்றன. சடங்குக்குத் தரையின் நடுவிடம் காலியாக இருக்க வேண்டுமென்று எடுத்துவிட்டார்கள்! உள்ளே தாழிட்டுக்கொண்டு கூட்டம் நடக்கிறது. வாசலில் உருவிய வாளுடன் காவல் நின்றவர், சங்க உறுப்பினரான ஒரு ரயில்வே கார்டு.

“ஏனுங்க மேஸ்திரி, வெளியாளு கதவத் தொடக்கூடாதுங்க.”

“உத்தரம் எறங்குதுங்க. எல்லாரையும் வெளிய கூப்பிடுங்க.”

“சடங்குக்கு நடுவுல கூப்பிட எனக்கு உத்தரவு இல்லீங்க.”

“அப்ப என்னைய வெட்டிப்போடுங்க” என்று சொல்லிவிட்டு, அப்பா சம்மட்டியால் கதவை இடித்தார்.

உள்ளே முதலில் அதட்டல் கேட்டது. பிறகு மேலே மரம் முறியும் சத்தம். எல்லோரும் கதவை நோக்கி ஓடிவர, உள்பக்கமாகத் திறக்கும் கதவு அந்த நெரிசலில் திறக்க முடியாமல் போனது. அப்பா பலகையைப் பிளந்தார். வாளைக் கீழே போட்டுவிட்டுக் கார்டும் சேர்ந்துகொண்டார். ஒவ்வொருவராக இழுத்துப் போட்டார்கள். கடைசி ஆள் வெளியே வந்த பிறகே உத்தரம் விழுந்தது. உயிரைவிடச் சடங்கு பெரிதா என்று எனக்கு இன்றும் கோபம் அடங்கவில்லை.

கூரையைத் திரும்பக் கட்ட அப்பா போட்ட நிபந்தனை ஒன்றுதான்: கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். இன்றும் அப்படித்தான் திறக்கிறது. சங்கத்தில் சேரும்படி அவரை வீடு தேடி வந்து அழைத்தபோது சிரித்தார்.

“நானும் உள்ள வந்துட்டா, வெளிய இருந்து யாருங்க தட்டுறது?”

அப்பா படுக்கையில் கிடந்த மாதங்களில் நேரங்காலம் பாராமல் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி வந்தவர்கள் நீங்கள். அன்று வாளோடு நின்ற கார்டும், இந்தத் தள்ளாத வயதில், உங்களில் ஒருவர். எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.