ரணஜன்னி வார்டும் பம்பை முனிசாமியும்

ரணஜன்னி, இப்போது டெட்டனஸ் என்கிறார்களே, அது கண்ட பிள்ளை பிழைக்காது என்று கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிருந்தது. தங்கவயலுக்குக் கரண்ட் வராத காலம். சாம்பியன் ரீப்ஸ் பக்கத்தில் ஒரு சுரங்க ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ்.

கன்னியம்மாளுக்கு ஆறு வயதிருக்கும். காலில் ஆணி குத்திய காயத்தில் சாணம் வைத்துக் கட்டியிருந்தார்கள். எங்களிடம் வந்தபோது தாடை பூட்டிக்கொண்டு, முதுகு வில்லாக வளைந்திருந்தது.

"பொழைக்காதும்மா. வீட்டுக்கு அனுப்பிடு" என்றார் டாக்டர்.

"மருந்து எழுதிக் குடுங்க சார். அனுப்பறதை அப்புறம் பேசலாம்" என்றேன்.

முறைத்துவிட்டு, இழுப்பை அடக்கித் தூங்கவைக்கும் குளோரல் எழுதினார். அந்த நோய்க்கென்று ஊசிமருந்து எதுவும் அப்போது எங்கள் கைக்கு வரவில்லை. காயத்தைக் கழுவினேன். வெளிச்சமும் சத்தமும் வராதபடி ஜன்னலில் கம்பளி தொங்கவிட்டேன். அவளுக்கு முன்பல் விழுந்திருந்தது நல்லதாகப் போயிற்று. அந்தச் சந்து வழியாகப் பாலைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். தங்கக்கல்லை இடிக்கும் ஸ்டாம்ப் மில்லின் ஓயாத இடியை அவள் தாங்கிக்கொண்டாள். திடீரென்று ஒரு தட்டு விழுந்தால் போதும், உடம்பு முழுக்க இழுத்துவிடும்.

அப்போதுதான் அவள் அப்பன் முனிசாமி வந்தான். சுரங்கத்துக்குள் ஷாப்டில் வேலை, மாரியம்மன் திருவிழாவில் பம்பைக்காரன். இடுப்பில் பம்பை, கூடவே சிலம்பு ஆட்டும் தோழன். மகள் தலைமாட்டில் பம்பை அடித்து ஆத்தாளை இறக்குவதாக வேண்டிக்கொண்டானாம்.

வாசலை மறித்து நின்றேன்.

"நீங்க சர்ச்சுக்குப் போற வேதக்காரங்க நர்சம்மா. ஆத்தா கோவம் உங்களுக்கு இன்னா தெரியும்?"

"ஆத்தாகிட்ட நான் பேசிக்கறேன். மேளம் உள்ளார போவாது."

தோழன் கை அசைந்து சிலம்பு கலீரென்றது. உள்ளே கன்னியம்மாள் தலையும் குதிகாலும் மட்டும் பாயில் பட வளைந்து, மூச்சு நின்று நீலமானாள். முனிசாமி கதவிடுக்கில் பார்த்துக்கொண்டே இருந்தான். மூச்சு திரும்பியதும் பம்பையைக் கழற்றித் தோழனிடம் கொடுத்துவிட்டு, கேட்டருகே போய் உட்கார்ந்தான்.

அதன்பிறகு அவன் ஷிப்டுக்குப் போன நேரம் தவிர அங்கேயேதான் இருந்தான். வண்டிச் சத்தம் கேட்காதிருக்க ரோட்டில் வைக்கோல் பரப்பினான். மாரியம்மன் கரகம் அந்த வழியாக மேளதாளத்தோடு வந்தபோது நடு ரோட்டில் கையை விரித்து நின்றான்.

"இங்க அடிக்காதீங்க. எம் பொண்ணு கீறா உள்ள."

"ஆத்தா கோவிச்சுக்குவாடா!"

"எம் மேல வரட்டும்!"

சண்டையாகிவிடும் என்று பயந்தேன். கரகம் சுமந்தவரே கையைக் காட்டி மேளத்தை நிறுத்தினார். ஊர்வலம் முழுக்க வாய் பேசாமல் வைக்கோல் மேல் நடந்து போயிற்று. கம்பளி ஓரமாகப் பார்த்துக்கொண்டிருந்த நான் அழுதுவிட்டேன்.

கன்னியம்மாள் பிழைத்தாள். தாடை தளர்ந்ததும் கஞ்சி வேண்டாம், முறுக்குதான் வேண்டும் என்று ரகளை செய்தாள்.

புதிதாக வரும் நர்சுப் பெண்களே, அவளுக்குப் பிறகு இதே நோயோடு வந்த பிள்ளைகளில் செத்தவர்கள்தான் அதிகம். சிலர் என் கையிலேயே போனார்கள். டாக்டர்கள் சொன்னது பொய்யில்லை. ஆனாலும் மூச்சிருக்கும் ஒரு பிள்ளையின் படுக்கையையும் நான் சுருட்டவிட்டதில்லை. நீங்களும் விடாதீர்கள்.