சாயம் கண்ணுக்கு வந்து சேரும் நேரம்

1. வளைந்த வரி

எண்பதுகளின் தொடக்கம். சிங்கப்பூரில் எங்கள் கிளமெண்டி வீட்டில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்த என் மகள் ரீட்டா, "அம்மா, இந்த வரி மட்டும் ஏன் வளைஞ்சிருக்கு?" என்று கேட்டாள். இடது கண்ணை மூடச் சொன்னேன். "இப்ப நேரா இருக்கு" என்றாள். கோளாறு இடது கண்ணில்தான்.

அப்போது நான் ஒரு மருத்துவமனையின் கண் பிரிவில் போட்டோகிராபர். நோயாளியின் கையில் நர்ஸ் மஞ்சள் சாயத்தை ஊசியில் ஏற்றுவார். அது ரத்தத்தோடு ஓடி, சில விநாடிகளில் கண்ணை எட்டும். நீல ஃபிளாஷ் அடித்து, விழித்திரையை விநாடிக்கு ஒரு படமாக நான் எடுக்க வேண்டும். சாயம் முதலில் வந்து சேரும் காட்சியைத் தவறவிட்டால், அன்று அது மறுபடி கிடைக்காது.

சாயத்தால் தோல் கொஞ்ச நேரம் மஞ்சளாகிவிடும். தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சி விற்பவர் ஒருவர் எங்கள் நர்ஸ் கதிஜாவிடம், "என்னம்மா, என்னைய பிரியாணி கலருக்கு மாத்திட்டீங்க. வீட்டுல உள்ள விடுவாளா?" என்றார்.

"விடலன்னா இங்க வந்துடுங்கண்ணே, வார்டுல பெட் இருக்கு லா" என்றார் கதிஜா.

2. ஜன்னல்

டாக்டர் ரீட்டாவின் கண்ணை வெகுநேரம் பார்த்தார். கிட்டப்பார்வை மிக அதிகம். விழித்திரைக்கு அடியில் புது ரத்தக்குழாய் முளைத்துக் கசிகிறது என்றார். கசிவு பார்வையின் நடுப்புள்ளிக்கு வெளியே இருந்தால் லேசரால் சுட்டு நிறுத்தலாம். நடுப்புள்ளியிலேயே இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. அதைப் படம்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் இன்னொரு போட்டோகிராபர் ராணுவ ரிசர்விஸ்ட் பயிற்சிக்குப் போயிருந்தார். நான்தான் உட்கார்ந்தேன்.

ரீட்டா காமிரா முன் தாடையை வைத்தாள். "அந்தச் சின்ன லைட்டையே பாரு. அசையாத" என்றேன். காமிராவுக்குள் எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. கதிஜா ஊசியோடு தயாராக இருந்தார்.

"அம்மா, ஜன்னலைப் பாக்கலையே?"

"பேசாம இரு."

"எல்லாருக்கும் பாப்பீங்க. எனக்கு மட்டும் டிஸ்கவுண்ட்டா?"

பள்ளி விட்டதும் அந்த அறையில்தான் எனக்காகக் காத்திருப்பாள். நாங்கள் வேலை செய்வதைப் பார்த்துப் பழகியவள். பதற்றத்தில் உற்றுப் பார்த்தால் நம் கண் தானாகவே ஃபோகஸை இழுத்துக்கொள்ளும். நமக்குத் தெளிவாகத் தெரிவது ஃபிலிமில் மங்கலாக விழும். அதனால் முதலில் தூரத்தைப் பார்த்துக் கண்ணைத் தளர்த்துவோம். பிறகு, காமிராவில் கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸை, அதற்குள் இருக்கும் குறுக்குக்கோடு கூர்மையாகும்வரை திருகுவோம்.

"கதிஜா, நிறுத்துங்க."

ஜன்னல் திரையை விலக்கி, எதிர் அடுக்குமாடி புளோக்கின் உச்சியில் இருந்த தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது, குறுக்குக்கோடு மங்கிக் கிடந்தது. திருகிச் சரிசெய்தேன்.

"இப்ப போடுங்க."

முதலில் இருட்டு. பிறகு ஒரு ஃபிளாஷில் பச்சை இழைகள் புறப்பட்டன. அடுத்ததில் கிளை விட்டன. அதற்கடுத்ததில் விழித்திரை முழுவதும் ஒளி ஓடியது. எத்தனையோ பேர் கண்ணில் பார்த்த காட்சிதான். ஆனால் இது என் வயிற்றில் ஊறிய ரத்தம். கையில் ஏறிய சாயத்தை இதயம் வழியாகச் சுமந்து வந்து, என் எதிரிலேயே விளக்கேற்றிக்கொண்டிருந்தது. விரல் ஷட்டரை அழுத்திக்கொண்டே இருக்க, வாய் "ஆண்டவரே" என்றது.

"அம்மா, ஊசி எனக்குத்தானே போட்டாங்க?" என்றாள் ரீட்டா, அசையாமல்.

3. ஈர ஃபிலிம்

டார்க்ரூமில் கழுவிய ஃபிலிமை ஈரத்தோடு லைட் பாக்ஸில் வைத்தேன். நெகட்டிவில் கசிவு கறுப்பாகத் தெரியும். மிளகுபோல ஒரு பொட்டு. அதற்கும் நடுப்புள்ளிக்கும் இடையே தலைமுடி போல ஓர் இடைவெளி.

டாக்டர் லென்ஸை வைத்துப் பார்த்தார். "பொட்டின் ஓரம் தெளிவாக இருக்கிறது. சுடலாம்" என்றார்.

இன்று ரீட்டாவுக்கு வரிகள் வளைவதில்லை. லேசர் சுட்ட இடத்தில், நடுவுக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து மட்டும் காணாமல் போகிறது என்கிறாள். மங்கலான படமாக இருந்திருந்தால் அந்த இடைவெளியே தெரிந்திருக்காது. பொட்டும் புள்ளியும் ஒன்றாகியிருக்கும். டாக்டர் லேசரைத் தொட்டிருக்க மாட்டார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எதிரில் வந்து உட்காருவது உங்கள் பிள்ளையாகவே இருந்தாலும் முதலில் எழுந்து ஜன்னலுக்குப் போங்கள். அந்தத் தண்ணீர்த் தொட்டி இன்னும் அங்கேதான் இருக்கிறது.